வினாகிரியில் மூச்சுவிட்ட நட்சத்திரங்கள்

அந்த மாதங்களில் வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓட்டோ பிடிக்க முடியாது. எல்லா ஓட்டோவும் ஒரே இடத்துக்குத்தான் போகும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை, அங்கே ஒரு கல்யாண மண்டபம், அதன் மேல்மாடி. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை. செத்தவர்கள் வருகிறார்கள்.

செத்தவர்கள் நேரம் தவறாதவர்கள். நாலு மணிக்கு வந்தால் ஆறரைக்குள் போய்விடுவார்கள். ஏழு மணிக்கு மண்டபம் பிறந்தநாள் விழாக்களுக்கு வேண்டும்.

அவர்களை அழைக்கிறவர் ஸ்ரீ தாரகானந்த சுவாமி. பிறந்தது இரத்மலானை. பேசுவதோ தொலைக்காட்சித் தொடர்களில் மாமனார்கள் பேசும் தமிழ். வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் உருத்திராட்சம். செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில் அதே உருத்திராட்சத்துக்கு மேலே ஒரு வெள்ளிச் சிலுவை. "ஆவிக்கு மதம் கிடையாது" என்பார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். எவ்வளவு பரந்த மனம்! பரந்தது மனம் அல்ல, சந்தை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுவாமியின் கண்டுபிடிப்பு இதுதான். ஒருவர் கண்ணை மூடும்போது வானத்தில் ஒரு நட்சத்திரம் விழுகிறது. விழுந்தது கல்லாகிறது. அந்தக் கல்லுக்குள் அவர் இருக்கிறார். இமயமலைச் சாரலில் அந்தக் கற்களைப் பொறுக்கும் வரம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கல்லைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். சின்னவிரல் நகமளவு. சாம்பல் நிறம். அளந்து வெட்டியதுபோல ஐந்து முனைகள். ஒவ்வொரு முனையிலும் பூவிதழ் போல மெல்லிய வரிகள். நடுவில் ஊசி நுழையுமளவு ஒரு துளை. "மனிசர் செய்ய ஏலுமோ இதை?" என்று கேட்டார்கள். ஏலாது. அது உண்மை. அப்படியானால் இதைச் செய்தது எது என்று அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் பிழை.

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. ஒரு கரையில் விபூதி, மறு கரையில் எள்ளு. நடுவில் தாரக தீர்த்தம். பன்னீரும் கற்பூரமும் மூக்கைத் துளைக்கும். சுவாமி பெயரைச் சொல்லிக் கல்லை இறக்குவார். கொஞ்ச நேரத்தில் கல்லிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். கல் நடுங்கும். ஒரு பக்கம் எழும்பும். பிறகு, ஐயோ, நகரும்!

"மூச்சு விடுகிறார், பாருங்கள்!"

மண்டபம் விம்மும். கல் விபூதிப் பக்கம் போனால் ஆவிக்குச் சாந்தி. எள்ளுப் பக்கம் போனால் சாந்தியில்லை, பூசை வேண்டும். தட்டின் விளிம்பில் சுவாமியின் பெருவிரல் இருந்தது. அது அழுத்திய பக்கமே ஆவிகள் போயின. ஆவியைப் பார்க்க வந்த இடத்தில் விரலை யார் பார்ப்பது?

"அப்பா சரிஞ்சு சரிஞ்சு நடக்கிறார்! அவருக்கு முழங்கால் வருத்தமெல்லோ!"

"என்ரை மனிசன் உயிரோடை இருக்கேக்கையும் உப்பிடித்தான். வெள்ளிக்கிழமை எண்டால் தள்ளாட்டம்."

கொஞ்ச நேரத்தில் குமிழி ஓயும். "களைத்துவிட்டார். அடுத்த வாரம் வாருங்கள்" என்பார் சுவாமி. இடைவேளையில் அவருக்கு நெஞ்செரிச்சல் வரும். ஒரு போத்தலிலிருந்து இரண்டு வெள்ளைக் குளிசையை எடுத்துச் சப்புவார். மற்றவர்களின் துயரத்தைத் தமக்குள் வாங்குவதால் வரும் எரிச்சல் என்று உதவியாளர் விளக்குவார். அதே வயிற்றுக்குள் மட்டன் ரோல்ஸ் வாங்கியதைப் பற்றி விளக்கமாட்டார்.

மயூரிக்கு இந்தச் செய்திகள் எல்லாம் பிறிஜெற் மூலம் வந்தன. இருவரும் வெள்ளவத்தையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. அச்சகத்தின் பிழைப்பு நினைவு மலர். யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் ஒரு புத்தகம் வந்தாக வேண்டும். அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். வரலாறு எழுதுகிறவள் மயூரி. மடித்துக் கம்பி குத்துகிறவள் பிறிஜெற். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், கத்தோலிக்க வேதக்காரி, மயூரியைவிட ஏழு வயது மூத்தவள்.

வரலாற்றுக்கு அச்சகத்தில் நாலு மாதிரிகள் இருந்தன. உத்தியோகத்தர், வர்த்தகர், ஆசிரியர், குடும்பத்தலைவி. நாலையும் எழுதி வைத்தவள் மயூரிதான். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். அந்த அச்சகத்தைப் பொறுத்தவரை உலகத்தில் கெட்டவர் எவரும் செத்ததில்லை. பெண்சாதிக்கு அடித்தவர் "கண்டிப்பு மிக்கவர்". சொந்தக்காரர் எல்லாருடனும் வழக்காடியவர் "உறவுகளை ஒருபோதும் மறவாதவர்".

எட்டு மாதத்துக்கு முன் மயூரியின் கணவர் கார்த்திகன் இறந்தார். விஞ்ஞான ஆசிரியர், ஐம்பத்திரண்டு வயது. கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் விழுந்தார், எழும்பவில்லை. ஊராருக்கெல்லாம் வரலாறு எழுதியவளுக்கு அவருடையதை எழுதக் கை வரவில்லை. முதலாளி கனகசபாபதி இரக்கப்பட்டு மூன்றாவது மாதிரியில் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார். "தினமும் பிரம்ம முகூர்த்தத்தில் துயிலெழுந்து, குயிலையும் வெல்லும் குரலில் தேவாரம் பாடி..." கார்த்திகன் ஏழு மணிக்கு முன் எழும்பிய நாள் கிடையாது. அவர் பாடினால் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும்.

பிறிஜெற்றின் மகன் றமேஷ் மூன்று வருடத்துக்கு முன் பேலியகொடை மீன் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போனவன். ஒரு லொறி. இருபத்தாறு வயது. அவனுடைய மலரையும் இதே அச்சகத்தில்தான் அடித்தார்கள். தாயே மடித்தாள், தாயே கம்பி குத்தினாள்.

ஒரு புதன்கிழமை, குனிந்து தாள் பொறுக்கும்போது மயூரி அவள் காலைக் கண்டாள். பெருவிரல் கறுத்திருந்தது.

"அக்கா, கால் என்ன?"

"செருப்புக் கடிச்சது."

"செருப்பு இப்பிடிக் கறுப்பாக் கடிக்குமோ? சீனி வருத்தக் கால். இன்சுலின் ஊசி ஒழுங்காப் போடுறியளோ?"

பிறிஜெற் மடிப்பதை நிறுத்தவில்லை. "விட்டுட்டேன்."

"என்னத்தை?"

"ஊசியத்தான். ஆறு கிழமை ஆச்சு. சுவாமி சொன்னார், இரும்பு பட்ட உடம்புக்குக் கிட்ட ஆவி வராதாம். தினம் ரெண்டு தரம் வயித்தில இரும்பைக் குத்திக்கிட்டு மகனைக் கூப்பிட்டா அவன் எப்படி வருவான், சொல்லுங்க?"

பேய் அண்டாமல் தலையணைக்குக் கீழே இரும்புத் துண்டு வைப்பதை மயூரியும் பார்த்து வளர்ந்தவள். பேயை விரட்டுகிறவருக்கு இரும்பு வேண்டும் என்றால், அழைக்கிறவருக்கு இரும்பு கூடாது. கணக்கு நேராகத்தான் இருந்தது. மூடநம்பிக்கையின் தொல்லையே அதுதான். முதல் வரியை மட்டும் விழுங்கிவிட்டால் மிச்சமெல்லாம் வெகு ஒழுங்காக இறங்கும்.

"கிளினிக்கிலை காட்டினியளோ?"

"காட்டினா ஊசி போடச் சொல்லுவாங்க." பிறிஜெற் நிமிர்ந்தாள். "நீங்க ஒரு தரம் வந்து பாருங்க, மயூரி. மாஸ்டரையும் கூப்பிடலாம்."

பிறிஜெற்றுக்காகத்தான் போகிறேன் என்று மயூரி தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் நல்ல சேலை உடுத்தினாள். எட்டு மாதமாக வீட்டில் அவளோடு தர்க்கம் பண்ண ஒருவரும் இல்லை.

மண்டபத்தில் அவள் முதலில் கண்டது உதவியாளரை. வெள்ளை வேட்டி, தங்கக்கரைச் சால்வை, கையில் ஒரு குடை. அந்தக் குடையை அவளுக்குத் தெரியும்! சவுந்தரநாயகம். இளைப்பாறிய அரசாங்க இலிகிதர். கிழமைக்கொருமுறை அச்சகத்துக்கு வந்து, வெளிவந்த மலர்களில் ஒவ்வொரு பிரதி கேட்டு வாங்கிப் போகிறவர். "நல்ல மனிசரின்ர சரித்திரத்தை வாசிச்சால் மனம் தெளியும், தங்கச்சி" என்பார். நினைவு மலரை வாசிக்கவும் ஓர் ஆள் இருக்கிறாரே என்று கனகசபாபதி அவருக்கு மலிபன் பிஸ்கற்றும் தேத்தண்ணியும் கொடுப்பார்.

மயூரிக்கு ஏதோ உறுத்தியது. யோசிக்க முன் சுவாமி அவளை அழைத்துவிட்டார். சவுந்தரநாயகம் பெயரைக் காதில் சொல்ல, சுவாமி கண்ணை மூடினார்.

"கார்த்திகன்... ஆசிரியர்... கரும்பலகை தெரிகிறதம்மா..."

மண்டபம் மூச்சைப் பிடித்தது. மயூரி தன்னை அறியாமல் தட்டுக்குக் கிட்டக் குனிந்தாள். கல் தட்டில் இறங்கியது. குமிழி கிளம்பியது. கல் நடுங்கி, எழும்பி, விபூதியை நோக்கி நகர்ந்தது.

"சாந்தியாக இருக்கிறார். அங்கேயும் பிரம்ம முகூர்த்தத்தில் துயிலெழுந்து தேவாரம் பாடுகிறார். ஆஹா, குயிலையும் வெல்லும் குரல்!"

மயூரி வாயைப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்கிடையால் சிரிப்பு பீறிட்டது. எட்டு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு எல்லாம் ஒரேயடியாக வந்தது. தன் மாதிரி மூன்று! தான் எழுதிய பொய்! மேலுலகத்தில் கார்த்திகன் விடியற்காலையில் பாட, தேவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

"அருள்! அம்மாவுக்கு அருள் வந்திட்டுது!"

யாரோ ஒரு கைப்பிடி விபூதியை அவள் தலையில் கொட்டினார்கள். ஒரு பெண் காலில் விழுந்தாள். "அம்மா, மகளுக்குக் கனடா விசா சரிவருமோ?" மயூரி சிரித்துச் சிரித்துத் தலை ஆடியது. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

முகம் முழுக்கச் சாம்பலோடு மயூரி கீழே வந்து, மூலையிலிருந்த ஹபீஸ் நானாவின் பலசரக்குக் கடையில் ஒரு சோடா கேட்டாள்.

"சுவாமிக்கிட்டப் போனீங்களா, மிஸ்? நல்ல கஸ்டமர்" என்றார் ஹபீஸ் நானா. "கிழமைக்குப் பன்னிரண்டு போத்தல் வினாகிரி எடுப்பார். அவ்வளவு அச்சாறு யாரு திங்கிறதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

வினாகிரி, அச்சாறு போடும் அந்தப் புளிக்காடி, கார்த்திகன் கல்லில் விட்டுப் பார்ப்பது! மயூரி சோடாவைக் குடித்து முடிக்கவில்லை.

வீட்டில் கட்டிலுக்குக் கீழே கார்த்திகனின் பிஸ்கற் தகரம் இருந்தது. எட்டு மாதமாகத் தொடாதது. உள்ளே கற்கள், சங்குகள், ஒரு சுறாப் பல். அடியில் ஒரு சின்ன மருந்துப் போத்தல். அதற்குள் சாம்பல் நிறத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று. போத்தலைச் சுற்றி, றப்பர் வளையத்தோடு ஒரு துண்டுக் காகிதம். கோழி கிளறியது போன்ற அவருடைய எழுத்து.

"கடல் அல்லி. பெயர்தான் அல்லி, பூ அல்ல, பிராணி. நட்சத்திரமீனின் சொந்தக்காரர். கடலடியில் தண்டில் நின்று, பூப்போல் கை விரித்து இரை பிடிப்பார். தண்டு முழுக்க இப்படி வில்லைக்கு மேல் வில்லை. செத்தால் வில்லைகளைக் கட்டிய நார் அழுகி, சில நாளில் எல்லாம் கழன்று சிதறும். அதனால்தான் எங்கேயும் வில்லைதான் கிடைக்கும். உடனே சேறு மூடினால் மட்டும் முழு ஆளும் தப்புவார். வில்லை முழுக்கப் பஞ்சுபோல நுண்துளை. அதற்குள் சுண்ணாம்புக் கனிமம் ஊறி நிரம்பி இறுகும். சுற்றியுள்ள சேறும் கல்லாகும். வயது பத்தொன்பது கோடி ஆண்டு. பழைய மாணவி நதீஷா இங்கிலாந்தில் ஒரு குன்றடியில் பொறுக்கி அனுப்பியது. ஒன்பதாம் வகுப்புக்கு வினாகிரி விட்டுக் காட்டு. சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் வாயு. வாயு தூக்கினால் கல் நடக்கும். பிள்ளைகள் கத்துவார்கள்."

மயூரி குசினிக்கு ஓடினாள். சாப்பாட்டுத் தட்டில் வினாகிரி ஊற்றினாள். நட்சத்திரத்தை வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி வந்தது. கல் நடுங்கியது. நடந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைபோல் அவள் கத்தினாள்.

பிறகு அகப்பட்டதை எல்லாம் போட்டாள். முட்டைக்கோது பொங்கியது. ரயில்பாதைக்கு அப்பால் கடற்கரையில் பொறுக்கிய மட்டி ஓடும் பொங்கியது. புளியங்கொட்டை சும்மா கிடந்தது. சட்டைப் பொத்தான் சும்மா கிடந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு கார்த்திகன் அவளோடு கதைத்தார். தேவாரம் பாடவில்லை.

அடுத்த நாள் அச்சகத்தில் எல்லாவற்றையும் பிறிஜெற்றுக்குச் சொன்னாள். துண்டுக் காகிதத்தை வாசித்தாள். மலரைப் பார்த்துத்தான் சுவாமி சொல்கிறார் என்றாள். பிறிஜெற் ஒரு தாளை மடித்து, நகத்தால் நீவி, அடுத்ததை எடுத்தாள்.

"அது மாஸ்டர்ட கல். இது றமேஷ்ட கல். ரெண்டும் ஒண்ணா?"

"வினாகிரி ஒண்டுதானே, அக்கா."

"உங்களுக்கு அவர் பாடினது பொய்யாப் போச்சு. அதுக்காக என்ட மகனையும் பொய்யாக்காதீங்க."

மயூரி மேசைக்கடியில் பார்த்தாள். கறுப்பு விரலைத் தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் கால். அதற்கு மேல் ஏறினால் பிறிஜெற்றுக்கும் ஒரு நினைவு மலர். நான்காவது மாதிரி. அதை மடிக்க ஆள் இருக்காது.

ஒரு வார்த்தைக்கும் அசையாதவளைத் தட்டில்தான் அசைக்க வேண்டும் என்று மயூரிக்கு விளங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். சும்மாவா? அருள் வந்த அம்மா! விசாக்காரி பக்கத்தில் வந்து இருந்து கொண்டாள். மகளுக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்துவிட்டதாம். பிறிஜெற் மூன்றாம் வரிசையில், காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மா வரட்டும்!" என்று சுவாமியே அழைத்தார்.

"சுவாமி, எனக்கு இன்னுமொரு ஆளைக் கேக்க வேணும்."

"பெயர்?"

"பெயர் வைக்க முன்னமே போட்டுது."

"அடடா, பச்சைச் சிசு!" மண்டபம் உச்சுக் கொட்டியது.

மயூரி கைலேஞ்சியை அவிழ்த்து, கையால் மறைத்து, ஒரு சின்னத் துண்டைத் தட்டில் இட்டாள். சுவாமி தட்டைப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் சனத்தைத்தான் பார்ப்பார். குமிழி பொங்கியது. துண்டு எழும்பிச் சுழன்றது.

"துடிக்கிறது! குழந்தை தாயைத் தேடித் துடிக்கிறது!"

"தாய் கோழி, சுவாமி. காலமை நான் பொரிச்சுத் திண்ட முட்டையின்ர கோது இது."

முன்வரிசை கழுத்தை நீட்டித் தட்டைப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். சுவாமி லேசுப்பட்டவர் அல்ல. "முட்டைக்குள்ளும் உயிர் உண்டு, அம்மா!" என்றார். நம்பத் துடித்தவர்கள் அவசரமாகத் தலையாட்டினார்கள். ஓமோம், முட்டைக்கும் உயிர் உண்டுதானே.

மயூரி மட்டியோட்டைப் போட்டாள். அதுவும் பொங்கியது.

"மட்டிக்கும்... உயிர் இருந்தது..." சுவாமியின் நெற்றி வேர்த்தது.

"அப்ப எங்கடை அப்பாவும் கோழியும் மட்டியும் ஒரே வரிசையோ?" என்று ஒரு கிழவர் எழும்பினார். "நான் மூண்டு மாதமாக் கும்பிட்டது என்ன கறியை?"

"பொறுங்கோ ஐயா, இன்னும் ஓராள் இருக்கு" என்ற மயூரி, சுவாமியின் முக்காலியில் இருந்த குளிசைப் போத்தலை எடுத்தாள். சவுந்தரநாயகம் குடையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். பிந்திவிட்டது. சுண்ணாம்பு அடைத்த வெள்ளைக் குளிசை ஒன்று தட்டில் விழுந்தது. கல் முனகும், கோது பொங்கும். குளிசையோ நுரைத்துச் சீறி, விபூதியைக் கரைத்து, எள்ளைத் தூக்கிக்கொண்டு தட்டின் கரைவரை வந்தது.

"இதுக்குள்ளை இருக்கிறது ஆர், சுவாமி? நாளுக்கு எத்தினை பேரைச் சப்பி விழுங்குறியள்?"

மண்டபம் வெடித்தது. விசாக்காரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொலைக்காட்சித் தமிழ் அந்த இடத்தில் அறுந்து விழுந்தது. "போத்தலைத் தாடி இங்க! எவன்டா இவளை முன்னுக்கு விட்டது?" சுத்தமான இரத்மலானை.

அந்த நேரம் பார்த்து, மயூரி சொல்லிவைத்திருந்தபடி, ஹபீஸ் நானா ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். "சுவாமி, இந்தக் கிழமை வினாகிரி பத்துப் போத்தல்தான் ஈக்கி. மிச்சம் திங்கட்கிழமை தாரேன்."

தீர்த்தத்தைத் தலையில் தெளித்தவர்கள் தங்கள் கையை மணந்து பார்த்தார்கள். குடித்தவர்கள் வயிற்றைத் தடவினார்கள்.

சிரிப்புக்கு நடுவே மூன்றாம் வரிசையிலிருந்து பிறிஜெற் எழும்பினாள். கால் இழுபட, கதிரைகளைப் பிடித்துப் பிடித்து முன்னே வந்தாள். சனம் ஒவ்வொருவராகச் சத்தத்தை நிறுத்தினார்கள். ஏழு மணி விழாவுக்கு மேசையில் அடுக்கியிருந்த பிளாஸ்ரிக் கப்களில் ஒன்றை எடுத்தாள். தன் கைப்பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதில் ஊற்றினாள். கழுத்தில் செபமாலையோடு தொங்கிய சின்னப் பையிலிருந்து, சுவாமி கொடுத்த றமேஷின் கல்லை எடுத்து, மெல்ல உள்ளே இட்டாள்.

"றமேஷ், அம்மா கூப்பிடுறேன்." கப்புக்கு மேல் குனிந்தாள். "ஏழு கிழமையா ஊசி போடல்ல. உடம்பில இரும்பு இல்ல. வா மகன்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மண்டபத்துக்குக் கீழே கடற்கரைப் பாதையில் பாணந்துறை ரயில் போனது. கப்பில் தண்ணீர் அதிர்ந்தது. கல் அதிரவில்லை. ஒரு குமிழி இல்லை.

"தீர்த்தம் இல்லாமல்..." என்று தொடங்கினார் சுவாமி.

பிறிஜெற் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தாய் கூப்பிட்டு வராத பிள்ளை வினாகிரிக்கு வருமா?"

அந்தக் கேள்விக்கு இமயமலையிலும் பதில் இல்லை.

"மயூரி" என்றாள் பிறிஜெற். "இந்த நேரம் எந்தப் பாமசியில இன்சுலின் வாங்கலாம்?"

அவர்கள் படியிறங்கும்போது மேலே ஒரே அமளி. சுவாமி பிறந்தநாள் பலூன்களை இடித்துக்கொண்டு பின்படியால் ஓடினார். சவுந்தரநாயகத்தின் பையைப் பறித்துக் கொட்டினார்கள். நினைவு மலர்கள் விழுந்தன. வேண்டிய வரிகளுக்கெல்லாம் சிவப்பில் கோடு. "நான் வாசிக்கிறது மட்டும்தான், வேறை ஒண்டும் தெரியாது" என்றார் அவர். கடைசியாக ஒரு பொலித்தீன் பை விழுந்தது. அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை விசாக்காரி உரக்க மொழிபெயர்த்து வாசித்தாள்: "கடல் அல்லி வில்லைகள். நூறு துண்டுகள். வகுப்பறைப் பாவனைக்கு. சிறு பிள்ளைகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ளவும்."

அவ்வளவும் பார்த்தபிறகு எல்லாருக்கும் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அந்தக் குளிசைப் போத்தலை ஒருவர் பக்குவமாகச் சால்வையில் சுற்றிக்கொண்டு போனார். "நல்லாப் பொங்கினது. இதிலை ஏதோ சக்தி இருக்கு" என்றாராம்.

பிறிஜெற் ஒரு விரலை இழந்தாள். கால் தப்பியது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் திட்டினார். ஒரு மாதத்தில் அச்சகத்துக்குத் திரும்பி வந்தாள். தினம் இரண்டு தரம் வயிற்றில் இரும்பு.

"கல்லை என்ன செய்தியள், அக்கா?" என்று மயூரி கேட்டாள்.

"வச்சிருக்கேன். றமேஷ் அதில இல்ல. ஆனா பத்தொன்பது கோடி வருஷம் தாங்கின சாமான். எறிய மனம் வரல்ல." ஒரு தாளை மடித்தபடி சொன்னாள்: "பாவம், அதுக்கும் ஒரு தாய் இருந்திருக்கும்தானே."

கார்த்திகனின் ஆண்டுத் திவசத்துக்கு மலரை மயூரியே எழுதினாள். மாதிரி எதையும் எடுக்கவில்லை. "அவர் ஏழு மணிக்கு முன் எழும்பியதில்லை. தேவாரம் பாடியதில்லை, பாடாததற்கு அயலவர் நன்றியுள்ளவர்கள். கண்ட கல்லிலெல்லாம் வினாகிரி விட்டுப் பார்ப்பார். நான் சொன்ன எதையும் ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொண்டதில்லை. செத்தவர்கள் வில்லை வில்லையாகக் கழன்று போகிறார்கள். உடனே மூடி வைத்தது மட்டும் முழுசாக மிஞ்சும். ஆகையால் உண்மையை எழுதி வைக்கிறேன்." கனகசபாபதி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பிள்ளை, இதை வாசிச்சால் ஆக்கள் சிரிப்பினம்." "சிரிக்கட்டும், ஐயா" என்றாள் மயூரி. பிறிஜெற் அதை மடித்துக் கம்பி குத்தினாள்.

இப்போது கொலன்னாவையில் ஒருவர் தேங்காயை அழவைக்கிறாராம். வெள்ளிக்கிழமை ஓட்டோ எல்லாம் அந்தப் பக்கம். போகிறவர்கள் போகலாம். போகுமுன் குசினிக்குள் ஒருதரம் எட்டிப் பாருங்கள். அலுமாரியில் வினாகிரிப் போத்தல் ஒன்று இருக்கும். மாதத்தில் ஒருமுறையாவது அதைத் திறக்கிறீர்கள். தோளுக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?